ஒரே ஆளுக்கு மூன்று நோய்ப் பெயர்: மனநோயை எப்படிக் கண்டறிகிறார்கள்?

மனநல சிகிச்சைக்காக அலைந்த குமரி மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் நாகர்கோவில் தனியார் டாக்டர் எழுதிய சீட்டு, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி. சீட்டு, பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய்க் காட்டிய சீட்டு என்று அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒன்றில் மனச்சோர்வு என்று எழுதியிருக்கும். இன்னொன்றில், சோர்வும் மிதமிஞ்சிய துள்ளலும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய். மூன்றாவதில் ஆளுமைக் கோளாறு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. "மூணு டாக்டர், மூணு பேரு. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று வீட்டில் முடிவாகிவிடும். அப்புறம் செய்வினை எடுப்பவரைத் தேடுவதும், ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப் போவதும், மாத்திரை பாதியில் நிற்பதும் நடக்கும்.

அந்த மூன்று டாக்டர்களும் அன்றைக்குத் தாங்கள் கண்டதைச் சரியாகவே எழுதியிருக்கலாம் என்பதுதான் இதில் பலருக்கும் புரியாத விஷயம். பெரும்பாலான மனநோய்களுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் எடுத்து "இதோ மனச்சிதைவு" என்று காட்ட முடியாது. மருத்துவரிடம் இருப்பவை அந்த ஆள் சொல்வது, கூட வந்தவர் சொல்வது, எதிரே உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் படுவது, இவற்றோடு காலம். இந்தக் கடைசி ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். ஒரு முறை பார்த்த டாக்டரிடம் இல்லாதது அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு டிஎஸ்எம்-5. இந்த இரண்டிலும் ஏறக்குறைய ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கால அளவு உண்டு. மனச்சோர்வு என்று எழுத, அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். தூக்கமே வேண்டாமல் துள்ளலாகத் திரிவது, வாய் ஓயாமல் பேசுவது, கையிலுள்ள பணத்தை வாரி இறைப்பது போன்ற பித்தெழுச்சி நிலைக்கு ஒரு வாரம். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது போன்றவற்றுக்கு மனச்சிதைவு என்று பெயரிட ஐசிடி ஒரு மாதம் கேட்கிறது, டிஎஸ்எம் ஆறு மாதம் கேட்கிறது.

அப்படியானால், குரல் கேட்கத் தொடங்கி இரண்டாவது வாரத்தில் வரும் இளைஞனுக்கு எந்தப் புத்தகப்படியும் மனச்சிதைவு என்று எழுத முடியாது. தற்காலிகமான ஒரு பெயரைத்தான் எழுதுவார்கள். அவன் ஒரு மாதத்தில் முழுக்கத் தேறியும் விடலாம், பலர் தேறுகிறார்கள். இருதுருவ நோயும் இப்படித்தான். பலருக்கு அது முதலில் மனச்சோர்வாகவே தலைகாட்டும். துள்ளல் கட்டம் சில வருடங்கள் கழித்து வரலாம். அது வந்த பிறகு பார்க்கிற டாக்டர் வேறு பெயர் எழுதினால் முதல் டாக்டர் ஏமாற்றினார் என்று அர்த்தமாகாது. ஆனால் முதல் டாக்டர் "முன்னால் எப்போதாவது இதற்கு நேர்மாறாக, அதிக உற்சாகமாக இருந்தது உண்டா?" என்று கேட்டாரா என்பது முக்கியம். இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலர் எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான பிழை.

டாக்டர்கள் தங்களுக்குள் மாறுபட்ட கதையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1960களின் கடைசியில் நியூயார்க், லண்டன் மனநல மருத்துவமனைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. நியூயார்க் டாக்டர்கள் எடுத்ததற்கெல்லாம் மனச்சிதைவு என்று எழுதினார்கள். லண்டனில் மனச்சோர்வு போன்ற மனநிலை நோய்கள் அதிகம் எழுதப்பட்டன. ஆய்வாளர்கள் இரண்டு ஊர் நோயாளிகளிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தபோது அந்த இடைவெளி பெருமளவு காணாமல் போனது. வித்தியாசம் டாக்டர்களின் பழக்கத்தில்தான் இருந்தது. 1980இல் வந்த டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு அறிகுறிகளை எண்ணி, நாள் கணக்குப் பார்த்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்ததற்கு இந்த மாதிரிக் குழப்பங்களும் ஒரு காரணம்.

முதலில் உடம்பு

நல்ல மனநல டாக்டர் முதல் நாளே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் "மனசுக்குப் பார்க்க வந்தா ரத்தம் கேக்குறாங்க" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, மந்தம், அழுகை எல்லாம் வரும். கூடினால் படபடப்பும் எரிச்சலும் வரும். பி12 குறைந்தால் மறதி, மனச்சோர்வு, சில நேரம் பொய்நம்பிக்கைகள் கூட வரலாம். வலிப்பு நோயில் ஒரு வகை வெறும் பயமாகவோ, விசித்திரமான வாசனையாகவோ மட்டும் வந்துபோகும்.

வயதானவர்கள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. நேற்று வரை நன்றாக இருந்த பாட்டி இன்று சாயங்காலம் ஆளைத் தெரியாமல் பிதற்றுகிறார், காலையில் கொஞ்சம் தெளிகிறார், இரவில் மறுபடி மோசமாகிறார் என்றால் அது பெரும்பாலும் டெலிரியம் என்ற உடல்சார் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று காரணம் எங்கேயோ இருக்கும். அவரை அன்றே பொது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

குடி இன்னொரு திரை. வருடக்கணக்காகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், உடல் நடுங்கும், வலிப்பும் வரலாம். அதைப் பார்த்துப் பேய் பிடித்தது என்கிறவர்களும் உண்டு, பைத்தியம் என்கிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு, அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. குடிக்கிறவரின் சோகமும் சந்தேகமும் குடியால் வந்தவையா, குடிக்கு முன்பே இருந்தவையா என்று தெரிய, ஏறக்குறைய ஒரு மாதம் குடிக்காமல் இருக்கச் செய்து மறுபடி பார்ப்பது வழக்கம். அந்த ஒரு மாதத்தை வாங்குவதுதான் பெரும்பாடு.

இந்த ஊர்க் கணக்கு

கேள்வித்தாள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பதிலைப் புரிந்துகொள்ள மட்டும் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கே முழித்துக்கொள்வது மனச்சோர்வின் பழைய அடையாளங்களில் ஒன்று. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் தினமும் எழுந்திருப்பதே அந்த நேரத்தில்தான். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவருக்கும் அப்படியே. அவர்களிடம் "எத்தனை மணிக்கு எழும்புவீங்க?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் ஒன்றும் இல்லை. வேலை இல்லாத மழைநாளில் என்ன செய்கிறீர்கள், முழிப்பு வந்ததும் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

இசக்கியம்மன் கோவில் கொடை விழாவில் சாமியாடுகிறவரும், ஜெபக்கூட்டத்தில் அந்நிய பாஷை பேசுகிறவரும் அந்த நேரத்தில் தம்மை மறந்த நிலையில் இருக்கிறார்கள். இது நோயா? ஐசிடி-11இல் ஆட்கொள்ளப்பட்ட நிலைக்கென்றே ஒரு நோய்ப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவதை அதில் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். கொடை முடிந்து, மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போகிறவருக்கு டாக்டர் தேவையில்லை. கொடை இல்லாத நாளிலும், அவர் விரும்பாமலே, வீட்டிலும் பஸ்ஸிலும் அது வந்து அவரை வதைக்கிறது என்றால் பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஒருவரின் மதம், சாதி, வசதி, அரசியல் எதையும் வைத்தோ, ஊரின் ஒழுக்க வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. வீட்டார் சம்மதிக்காத ஆளைக் காதலிக்கிற பெண்ணை "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று இழுத்து வருகிற வீடுகள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்கலாம்.

துக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. ஐசிடி-11 நீடித்த துக்கக் கோளாறு என்று ஒரு புதிய பெயரைச் சேர்த்திருக்கிறது. இறப்பு நடந்து ஆறு மாதத்துக்கு மேலும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மிஞ்சியும் துக்கம் ஆளை முடக்கினால் அந்தப் பெயர். அமெரிக்கக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. சரி, அடக்கமே நடக்காத வீட்டில் ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? புயல் வந்த நாளா, தேடலை நிறுத்திய நாளா, அரசு பணம் கொடுத்த நாளா? ஐந்து வருடம் கழித்தும் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை உடனே கோளாறு என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் அவர் சாப்பிடுகிறாரா, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கிறாரா, செத்துப்போகலாம் என்று நினைக்கிறாரா என்று கேட்காமல் இருப்பதும் தப்பு. பெயர் பொருந்துகிறதோ இல்லையோ, உதவி தேவைப்படலாம்.

குணமா, கோளாறா?

"அவனுக்க குணம் அப்படியாக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற இடத்தில்தான் ஆளுமைக் கோளாறு என்ற சிக்கலான பகுதி தொடங்குகிறது. முன்கோபம், சந்தேகம், பிடிவாதம், யாரோடும் சேராமை எல்லாம் குணம்தான். ஐசிடி-11 கேட்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். தன்னைப் பற்றிய உணர்விலோ, பிறரோடு உள்ள உறவிலோ, இரண்டிலுமோ பிரச்சினை இருக்க வேண்டும். அது குறைந்தது இரண்டு வருடமாக நீடிக்க வேண்டும். ஒரே ஒரு உறவிலோ ஒரே இடத்திலோ மட்டும் இல்லாமல் பல சூழல்களில் தெரிய வேண்டும். அது அந்த ஆளுக்குப் பெரிய அவதியையோ, குடும்பம், வேலை போன்றவற்றில் பெரிய பாதிப்பையோ தர வேண்டும். வேறு மனநோயாலோ போதையாலோ வந்ததாக இருக்கக் கூடாது.

மாமியாரிடம் மட்டும் எரிந்து விழுகிற மருமகளுக்கு ஆளுமைக் கோளாறு இல்லை, மாமியார் பிரச்சினை இருக்கலாம்.

டிஎஸ்எம்-5 பத்து வகை ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. அதில் உள்ள சிக்கலுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் பார்டர்லைன் என்ற வகைக்கு ஒன்பது அறிகுறிகள், அவற்றில் ஏதேனும் ஐந்து இருந்தால் போதும். அப்படியானால் 256 விதமாக ஒருவர் அந்தப் பெயரைப் பெறலாம். ஒரே பெயருள்ள இருவருக்குள் ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கவும் முடியும். மேலும் ஒரு வகைக்குத் தகுதியானவர் இன்னும் இரண்டு, மூன்று வகைக்கும் தகுதியாகிவிடுவார். இதனால் ஐசிடி-11 பழைய வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, முதலில் கோளாறு உண்டா, இருந்தால் லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று மட்டும் கேட்கிறது. அதன் பிறகுதான் எந்தப் பக்கம் சாய்வு என்ற குறிப்பு வரும்: எதிர்மறை உணர்ச்சி மிகுதி, ஒதுங்கிப்போதல், பிறரை மதியாமை, யோசிக்காமல் பாய்தல், எல்லாம் கச்சிதமாக இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம். பார்டர்லைன் பாங்கு என்பதை மட்டும் கூடுதல் குறிப்பாக விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த முறை நேர்மையானதாகப் படுகிறது. முத்திரை குத்துவதைவிட எவ்வளவு பாதிப்பு என்று கேட்பது நோயாளிக்கும் உதவும்.

ஆனால் "பல சூழல்களில்" என்ற நிபந்தனை இந்த மாவட்டத்தில் டாக்டரைத் திணறடிக்கும். தூத்தூர் பக்கம் விசைப்படகில் போகிறவர் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார், சில நாள்தான் வீட்டில். வளைகுடாவில் வேலை செய்கிறவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். மனைவிக்குத் தெரிந்த புருஷன் விடுமுறைக்கால ஆள். வீட்டில் கத்துகிற, குடிக்கிற, சாமான்களை உடைக்கிற மனிதர் படகில் பத்துப் பேரோடு ஒரு சண்டையும் இல்லாமல் வலை இழுக்கிறார் என்றால், கோளாறு அவருடைய ஆளுமையில்தான் என்று எழுதுவதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டும். குடியாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், ஒரு புயலில் தப்பி வந்த பயம் கரையில் வெளிப்படுவதாகவும் இருக்கலாம். கூடத் தொழிலுக்குப் போகிறவரிடமோ, அறையில் கூடத் தங்கியிருந்த நண்பரிடமோ, நோயாளியின் சம்மதத்தோடு ஒரு போன் போட்டுக் கேட்டால் மனைவியும் அம்மாவும் சொல்ல முடியாத பாதி கிடைக்கும். அதற்கு ஓ.பி.யில் நேரம் எங்கே என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான்.

இன்னொரு சோதனை, எப்போது தொடங்கியது என்பது. ஆளுமைக் கோளாறு பதின்வயதிலோ இளவயதிலோ வேர்விட்டு வரும். ஐம்பத்தைந்து வயது வரை அமைதியாக இருந்த வாத்தியார் திடீரென்று கூச்சமில்லாமல் பேசுகிறார், கடையில் எடுத்ததற்குக் காசு கொடுக்காமல் நடக்கிறார், மனைவி அழுதாலும் கண்டுகொள்ளவில்லை என்றால், அது ஆளுமைக் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோய், கட்டி, பக்கவாதம் இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

இருதுருவ நோயும் பார்டர்லைனும் குழம்புவதுதான் மருந்துச்சீட்டுகளில் அதிகம் காணும் குழப்பம். இருதுருவத்தில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும், நடுவே ஆள் பழையபடி இருப்பார். பார்டர்லைனில் மனநிலை மணிக்கணக்கில் மாறும், பெரும்பாலும் யாரோ விட்டுப்போய்விடுவார்கள் என்ற பயத்தால் தூண்டப்படும். முதலாவதற்கு மருந்து அடிப்படை. இரண்டாவதற்கு, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் டிபிடி போன்ற பேச்சு சிகிச்சைகள்தான் முக்கியம். அதற்கென்று தனியே ஒரு மாத்திரை இல்லை. கையைக் கீறிக்கொண்டு வரும் பெண்களை எல்லாம் "நடிப்பு" என்றோ பார்டர்லைன் என்றோ ஒரே மூச்சில் ஒதுக்குவதும் நடக்கிறது. அவர்களில் சிலருக்கு மனச்சோர்வு இருக்கும், சிலருக்கு வீட்டில் அடி விழுந்துகொண்டிருக்கும்.

விவாகரத்து வழக்குகளில் இந்தப் பெயர்கள் ஆயுதமாகவும் ஆகின்றன. "அவளுக்கு மனநோய்னு ஒரு சர்டிபிகேட் வேணும்" என்று கணவன் மட்டும் வந்து கேட்பது உண்டு. நேரில் பார்க்காத ஆளுக்கு நோய்ப் பெயர் எழுதக் கூடாது. நீதிமன்றத்தில் மனநோய்ச் சான்று கேள்விக்குள்ளானால் அதை மனநல வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று 2017 சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. ரீல்ஸ் பார்த்துப் பழைய காதலனை "நார்சிசிஸ்ட்" (தன்னை மட்டுமே பெரிதாக நினைக்கும் ஆளுமைக் கோளாறு உள்ளவர்) என்று தீர்ப்புச் சொல்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், கட்டணம் மட்டும் இல்லை.

மதிப்பெண் தாள்கள்

பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் 2001இல் வந்தது. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வு என்று இணையத்தில் பலர் தாங்களே முடிவுசெய்துகொள்கிறார்கள். முதல் ஆய்வில் பத்து என்ற எல்லை, நோய் உள்ளவர்களில் 88 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதத்தைச் சரியாக விட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை ஒரு கல்லூரியில் ஆயிரம் பேருக்குக் கொடுத்து, அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 44 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 950 பேரில் 114 பேரும் பிடிபடுவார்கள். மொத்தம் 158 பேர் "மனச்சோர்வு" என்ற முடிவோடு நிற்க, நோய் இருப்பது 44 பேருக்குத்தான். அடுத்து யாரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று காட்டுவதோடு அந்தத் தாளின் வேலை முடிந்துவிடுகிறது.

ரோர்ஷாக் மைத்தடப் படங்கள் பத்தும் 1921இலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. சினிமாவில் அழகாக இருக்கும். அதை மட்டும் வைத்து யாரும் நோயைத் தீர்மானிக்கக் கூடாது. எம்எம்பிஐ-2 என்ற 567 கேள்விகளுள்ள ஆளுமைச் சோதனை, பதில் சொல்பவர் பொய் சொல்கிறாரா, மிகைப்படுத்துகிறாரா என்பதையும் அளக்கும். இந்தச் சோதனைகளைச் செய்பவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள மருத்துவ உளவியலாளராக இருக்கிறாரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை, அது மனநல மருத்துவரின் வேலை. கவுன்சலிங் மையப் பலகைகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் தடவை போகும்போது எப்போது தொடங்கியது, இடையில் நன்றாக இருந்த காலம் எது, எந்த மாத்திரை எவ்வளவு நாள் என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டரின் பாதி வேலை முடிந்தது. பழைய சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது நோயாளிக்குச் சட்டப்படி உள்ள உரிமை. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை.

கடைசியாக, ஊனமுற்றோர் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. ஆனால் நோய்ப் பெயர் மட்டும் போதாது. ஐடியாஸ் என்ற அளவுகோலில் தன்னைக் கவனித்துக்கொள்வது, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரே மனச்சிதைவுப் பெயருள்ள இருவரில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது கிடைக்காமலும், குளிப்பதற்குக் கூட ஆள் துணை வேண்டியவருக்குக் கிடைக்கவும் செய்யும்.